மருந்தும் மன்றாட்டும்: மனநிலைக் கோளாறு மருத்துவத்தில் சமய நெறிகள் இணைந்த வரலாறு

வெறியாட்டும் நோயும்

சங்க அக இலக்கியத்தில் பயின்று வரும் துறைகளுள் வெறியாட்டு ஒன்று. தலைவி மெலிகிறாள், உணவை வெறுக்கிறாள், உறக்கம் இழக்கிறாள், அவள் மேனியில் பசலை படர்கிறது. கவலையுற்ற தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகணங்கே காரணம் என்று விடை வருகிறது. வேலன் வந்து வெறிக்களம் அமைக்கிறான், மறி பலியிடப்படுகிறது. நோயின் உண்மைக் காரணத்தைத் தோழி அறிவாள். நற்றிணை 34ஆம் பாடலில், இந்நோய் தன்னால் வந்ததன்று என்பதை அறிந்தும் வேலன் அழைத்தவுடன் வந்து நின்ற முருகனையே அவள் அறியாமை உடையவன் எனப் பழிக்கிறாள்.

உரையாசிரியர்கள் இத்துறையை அறத்தொடு நிற்றலோடு சார்த்தி விளக்குவர். மருத்துவ வரலாற்று நோக்கில் இதனைப் படிக்கும்போது வேறொரு செய்தியும் புலனாகிறது. தோழி முருகனை மறுக்கவில்லை, வழிபாட்டையும் மறுக்கவில்லை. நோய்க்குக் கூறப்பட்ட காரணத்தை மட்டுமே மறுக்கிறாள். வழிபாடு பயன் தருமா என்பது ஒரு வினா. நோய் இன்னது என்று துணியும் உரிமை யாருக்கு என்பது மற்றொரு வினா. மனநிலைக் கோளாறுகளின் மருத்துவத்தில் சமய நெறிகளை இணைப்பது பற்றி இந்தியாவில் நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் முதல் வினாவையே சுற்றி வந்துள்ளன. நோயாளரின் உயிரும் மானமும் இரண்டாவது வினாவையே சார்ந்திருந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று வழியில் ஆராய்கிறது.

காதல் நோயை மனச்சோர்வு நோய் எனப் பெயரிட்டு அழைப்பது பொருந்தாது என்பதையும் இங்கே சுட்ட வேண்டும். இன்றைய மருத்துவத்தில் மனநிலைக் கோளாறு என்பது வரையறுக்கப்பட்ட கலைச்சொல். இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் துயரம் அல்லது ஈடுபாடின்மை, அதனோடு கூடிய உறக்கக்கேடு, பசியின்மை, குற்றவுணர்வு, சாவு பற்றிய எண்ணம் ஆகியவை மனச்சோர்வு நோயின் குறிகள். அச்சோர்வோடு மிகை எழுச்சியும் மாறிமாறி வருவது இருமுனைக் கோளாறு எனப்படும். பழைய நூல்கள் கூறும் பித்து, உன்மாதம், கிரிகை ஆகியவற்றை இவற்றோடு நேருக்கு நேர் பொருத்திக் காட்டும் முயற்சிகள் பல வந்துள்ளன. அவற்றால் விளைந்த தெளிவைவிடக் குழப்பமே மிகுதி எனலாம்.

பண்டை மருத்துவ மரபு

சரக சங்கிதை மருத்துவத்தை மூவகையாகப் பகுக்கிறது. மந்திரம், மணி, பலி, வேள்வி, நோன்பு, கழுவாய், புனிதத்தலப் பயணம் முதலியன தெய்வத்தைச் சார்ந்த மருத்துவம். உணவும் மருந்தும் யுக்தியைச் சார்ந்தவை. தீயவற்றினின்று மனத்தை மீட்டுக் காப்பது மூன்றாவது வகை. இம்மூன்றும் ஒரே நூலில், ஒரே மருத்துவனின் கையில் இருந்தன என்பது கருதத்தக்கது. உன்மாதம் அகக்காரணத்தால் வந்ததா, புறக்காரணத்தால் வந்ததா என்று முதலில் துணிந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும் என்பது அந்நூலின் முறை. தேவரையும் அரக்கரையும் காரணமாகக் கூறும் அதே நூல், ஒருவன் தன் அறிவுப் பிழையால் தேடிக்கொண்ட நோய்க்குத் தேவரைப் பழித்தல் ஆகாது என்றும் ஓரிடத்தில் கூறுகிறது. தோழியின் குரலுக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்பளிப்பது.

தமிழகத்தில் கோயிலும் மருத்துவமனையும் ஓரிடத்தில் அமைந்தமைக்குத் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் (1063-1070) காலக் கல்வெட்டு சிறந்த சான்று. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை, அதன் மருத்துவன், அறுவை செய்வோன், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஆகிய அனைத்தும் அதில் கூறப்பட்டுள்ளன. மருந்துப் பட்டியலில் இடம்பெறும் புராணகிருதம், அதாவது பன்னாள் பழகிய நெய், ஆயுர்வேதத்தில் உன்மாதத்துக்கும் வலிப்புக்கும் சிறப்பாகக் கூறப்படுவது. இதனைக் கொண்டு அச்சாலை மனநோயாளர்க்காக அமைந்தது என்று முடிவு கட்டுவதற்குக் கல்வெட்டில் இடமில்லை. ஆயினும் கோயிலின் மதிலுக்குள்ளேயே மருந்து கணக்கிட்டு வைக்கப்பட்டது என்பது உறுதி. தெய்வம் உறையும் இடத்துக்கு மருத்துவன் அயலானாகக் கருதப்படவில்லை.

பிரிவு நேர்ந்த காலம்

இவ்வுறவு காலனி ஆட்சியில் முறிந்தது. சென்னையில் 1794-இல் மனநோயர் காப்பகம் நிறுவப்பட்டது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னர் 1912-ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டமும் மனநோயை நீதிமன்றமும் காவல்துறையும் கையாளும் பொருளாக ஆக்கின. காப்பகத்தின் உயர்ந்த மதில் நோயாளரைக் குடும்பத்திடமிருந்தும் ஊர்த் தெய்வத்திடமிருந்தும் ஒருசேரப் பிரித்தது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் அக்காப்பகங்களின் வாயிலை மிதிக்கவே இல்லை. அவர்கள் சென்ற இடங்கள் சோட்டானிக்கரை, சோளிங்கர், குணசீலம், ஏர்வாடி, இராசத்தானத்து மெஹந்திப்பூர், குசராத்தின் உனாவா முதலிய வழிபாட்டிடங்களே. இவ்வாறு ஒரே நாட்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு மருத்துவ முறைகள் நூறாண்டுக்கு மேல் நிலவின. இரண்டுக்கும் பொதுவாக இருந்த கருவி ஒன்று உண்டு, அது சங்கிலி.

மதில் திறந்த முயற்சிகள்

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டில் மூன்று ஊர்களில் மூன்று முயற்சிகள் நிகழ்ந்தன. இவற்றுள் சமயத்தை வெளிப்படையாக முன்வைத்தது இலக்னோ நகரின் நூர் மன்சில். அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியரான இ. ஸ்டான்லி ஜோன்ஸ் (1884-1973) அதனை 1950-இல் நிறுவினார். அவர் 1907-இல் இந்தியா வந்தவர். பணியேற்ற சில ஆண்டுகளிலேயே மீண்டும் மீண்டும் உளமுறிவுக்கு ஆளானவர். இலக்னோவில் செய்த வேண்டுதலால் அதனின்று மீண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியவர். தாம் மீண்ட வழி பிறர்க்கும் போதும் என்று அவர் கருதியிருந்தால் ஒரு செபக்கூடம் கட்டியிருக்கலாம். அவர் உளமருத்துவமனையை நிறுவினார். மன்றாட்டினால் நலமுற்ற ஒருவர் மருத்துவரையும் தேடி அமர்த்தியது இவ்வரலாற்றில் அரிதான செயல். இதற்குரிய கவனத்தை ஆய்வாளர்கள் இன்னும் தரவில்லை.

அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களில் செய்தது வேறு வகை. இடநெருக்கடியும் ஆள் பற்றாக்குறையும் மிக்க அம்மருத்துவமனையின் வெளியில் கூடாரங்கள் அமைத்து, நோயாளரின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குதல் நடைமுறையாயிற்று. கோயிலுக்கும் தர்காவுக்கும் நோயாளரை அழைத்துச் செல்லும் குடும்பம் அங்கே மண்டபத்தில் அவரோடு தங்கிச் சமைத்து உண்பது மக்கள் வழக்கம். மருத்துவமனை அவ்வழக்கத்தைத் தன் எல்லைக்குள் ஏற்றுக்கொண்டது என்பதே இம்முயற்சிகளின் உட்பொருள். வழிபாட்டிடத்தினின்று பெற வேண்டியது மந்திரம் மட்டுமன்று என்பதை இவர்கள் செயலில் காட்டினர்.

குருவும் சீடனும், கண்ணனும் பார்த்தனும்

அடுத்த தலைமுறை கோட்பாட்டில் இறங்கியது. பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனத்தின் தலைவராக இருந்த என். சி. சூர்யா, எஸ். எஸ். ஜெயராமுடன் 1964-இல் எழுதிய கட்டுரையில், இந்திய நோயாளர் மருத்துவரிடம் எதிர்பார்ப்பது வழிகாட்டுதலையே என்பதை விளக்கினார். நோயாளர் தாமே பேசித் தெளியட்டும் என்று மருத்துவர் வாளா இருக்கும் மேலைமுறை இங்கே பொருந்தாது என்பது இதன் விளைவு. பஞ்சாபிக் கவிஞரும் உளமருத்துவருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973-இல் குரு-சீடர் உறவினை உளமருத்துவத்துக்கு உரிய முன்மாதிரியாக முன்மொழிந்தார். பம்பாயில் என். எஸ். வாகியா பதஞ்சலி யோகத்தின் படிநிலைகளைக் கொண்டு ஒரு மருத்துவ முறையை வகுத்து, ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் போதுமா, தாரணையும் தியானமும் வேண்டுமா என்பதை நோயாளரிடமே சோதித்துப் பார்த்தார். முழு முறையையும் பயின்றோர் மிகுதியாக நலமுற்றனர் என்பது அவர் கண்ட முடிவு. யோகத்தை உடற்பயிற்சியாகக் குறுக்கிவிடும் பிற்காலப் போக்குக்கு முன்னரே இவ்வினா எழுந்துவிட்டது.

பகவத் கீதையை உளமருத்துவ நூலாகக் காணும் கட்டுரைகளும் இக்காலத்தில் பெருகின. சோர்ந்து வில்லை நழுவவிட்ட பார்த்தன் நோயாளன். கண்ணன் மருத்துவன் என்பது அவற்றின் சாரம். இவ்வொப்புமை கவர்ச்சியானது, ஆனால் வலுவற்றது. பார்த்தனின் கலக்கம் போர்க்களத்தில், ஒரு பொழுதில், தெளிவான காரணத்தோடு எழுந்தது. அவன் வினவவும் வாதிடவும் வல்லவனாக இருந்தான். பல திங்களாகப் படுக்கையை விட்டு எழ இயலாத ஒருவருக்குக் கடமையை எடுத்துரைப்பது, அவர் ஏற்கெனவே தம்மீது சுமத்திக்கொண்டுள்ள குற்றச்சாட்டை மற்றொருவர் வாயாலும் கேட்கச் செய்வதாகவே முடியும்.

இதனினும் நுட்பமான இடர் சரணாகதிக் கோட்பாட்டில் உள்ளது. பக்தி இலக்கியம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று தாழ்த்திக் கூறுமிடங்கள் பல. அத்தாழ்ச்சி அருளை நோக்கித் திறக்கும் வாயில். அதனை அடுத்து வருவது ஆண்டுகொண்டவன் பற்றிய வியப்பும் உவகையும். மனச்சோர்வு நோயாளரும் தம்மை இழிந்தவர் என்றே கூறுவார். சொல் ஒன்றாக இருப்பினும் அதன் முன் எவ்வாயிலும் திறப்பதில்லை. கேட்பவன் ஒருவன் உளன் என்னும் நம்பிக்கையே அவரிடம் பட்டுப்போயிருக்கும். தன்னிழிவு உணர்ச்சியே நோயின் குறியாக உள்ளவரிடம் தன்னை ஒடுக்கும் நெறியை மருந்தாகத் தருவது எப்பொழுது உதவும், எப்பொழுது ஊறு செய்யும் என்பதைப் பிரித்தறிய வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரியின் அ. வெங்கோபராவ் இப்பகுதியில் செய்த பணி இன்றும் மதிக்கத்தக்கது. இந்திய மனச்சோர்வு நோயாளரிடம் குற்றவுணர்வு அரிது என்று அயல்நாட்டார் பலர் எழுதிவந்த காலத்தில், 1973-இல் வெளியான கட்டுரையில் அவர் குற்றவுணர்வையும் வினைக்கொள்கையையும் இணைத்து ஆராய்ந்தார். முற்பிறப்பில் செய்ததன் பயன் இது என்னும் எண்ணம் ஒருவர்க்கு ஆறுதலாகும். மற்றொருவர்க்கு அதுவே மீள வழியில்லை என்னும் தீர்ப்பாகும். சமயக் கருத்து ஒன்றுதான். அதனை ஏந்தும் மனநிலை வேறு.

அளவைக்கு உட்பட்ட மூச்சு

கோட்பாட்டு விவாதத்தினின்று சோதனைக்கு வழிவிட்ட இடம் பெங்களூர். மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் அனைத்திந்திய மனநல நிறுவனமும் 1974-இல் இணைந்து உருவான நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஜானகிராமையா, கங்காதர் முதலியோர் சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சியைக் கடும் மனச்சோர்வு நோயாளரிடம் ஆராய்ந்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 45 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு வாரங்களில் நோய் தணிந்தோர் மின்னதிர்வு மருத்துவம் பெற்ற குழுவில் 93 விழுக்காடு. இமிப்ரமின் மருந்து உண்ட குழுவில் 73. மூச்சுப் பயிற்சிக் குழுவில் 67. பயிற்சி மருந்துக்கு ஏறத்தாழ நிகரானது என்று மேடைகளில் இவ்வெண்கள் எடுத்தாளப்பட்டன. குழுவுக்குப் பதினைந்து பேர் என்பதும், மின்னதிர்வு மருத்துவமே முன்னின்றது என்பதும் அம்மேடைகளில் ஒலிக்கவில்லை. ஆய்வாளர்களோ தம் கட்டுரையில் அடக்கமாகவே எழுதினர்.

அதே 2000-ஆம் ஆண்டில், பௌத்தத் தியான மரபினின்று கிளைத்த விழிப்புநிலைப் பயிற்சியை அறிவுசார் உளமருத்துவத்துடன் இணைத்த ஆய்வொன்றும் மேலைநாட்டில் வெளிவந்தது. மனச்சோர்வினின்று மீண்ட 145 பேரிடம் செய்யப்பட்ட அவ்வாய்வில், மூன்று முறைக்குக் குறையாமல் நோயுற்றவர்களிடையே நோய் திரும்புதல் 66 விழுக்காட்டிலிருந்து 37ஆகக் குறைந்தது. இரண்டு முறை மட்டும் நோயுற்றவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. தியானம் அனைவர்க்கும் நன்று என்னும் பொதுக்கூற்றை இவ்வொரு முடிவே தகர்க்கப் போதுமானது. இருமுனைக் கோளாறு உடையவரிடம் தீவிரத் தியானமும் உறக்கம் குறைக்கும் நோன்பும் மிகை எழுச்சியைத் தூண்டிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மருந்தை நிறுத்திவிட்டு நோன்பை மேற்கொள்ளுதல் இங்கே உயிருக்கு ஊறாகும்.

சோதனைச்சாலைக்கு வரும்போது இப்பயிற்சிகள் தம் தெய்வத்தையும் தலத்தையும் வெளியே விட்டு வந்தன. மூச்சு வந்தது; மந்திரம் வரவில்லை. அளக்கத்தக்கது எதுவோ அதுவே இணைக்கப்பட்டது.

இரண்டு தலங்கள்

தலத்தையே ஆய்வுப் பொருளாக்கிய முயற்சி தமிழகத்தில் நிகழ்ந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை நிம்ஹான்ஸின் இரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். சராசரியாக ஆறு வாரம் தங்கிய இவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ இருபது விழுக்காடு தணிந்திருந்தது. சிறப்புச் சடங்கு எதுவும் அங்கே நிகழவில்லை. காலை வழிபாடு, கோயிலைத் தூய்மை செய்தல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற சிறு பணிகள், உடனிருந்த உறவினர், அஞ்சத் தேவையற்ற சூழல் ஆகியவையே இருந்தன. ஒப்பீட்டுக்குழு இல்லாமை இவ்வாய்வின் குறை. இக்கட்டுரையின் பொருளுக்கு வேண்டிய மற்றொரு செய்தி, அந்த 31 பேருள் மனநிலைக் கோளாறு உடையோர் இருவர் மட்டுமே என்பது. கோயிலில் மனச்சோர்வு தீரும் என்பதற்கு இவ்வாய்வைச் சான்று காட்டுவோர் இதனை நோக்குவதில்லை.

அவ்வாய்வு அச்சேறுவதற்கு ஓராண்டுக்கு முன், 2001 ஆகத்து 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவைச் சார்ந்து இயங்கிய காப்பகம் ஒன்று தீப்பற்றியது. 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அவ்வூர்க் காப்பகங்கள் மூடப்பட்டன.

இந்நிகழ்வு மூடநம்பிக்கையின் விளைவாகவே அன்று பேசப்பட்டது. அது முழு உண்மையன்று. தர்காவின் வழிபாடு வேறு. அதன் நிழலில் கட்டணம் பெற்று உறவினர் இல்லாதாரை அடைத்துவைத்த கொட்டகைகள் வேறு. வேலாயுதம்பாளையம்புதூரில் குடும்பம் உடனிருந்தது. ஏர்வாடிக் கொட்டகைகளில் குடும்பம் விட்டுச் சென்றிருந்தது. பூட்டின் திறவுகோல் ஓர் அயலார் கையில் இருந்தது. நோய் இன்னது என்று ஆராயவோ, அடைத்துவைத்தது முறையா என்று கேட்கவோ அங்கே எவரும் இல்லை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக்கரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் மற்றொரு வழியைக் காட்டியது. ஒரு மண்டலமாகிய 48 நாள் தங்கி, உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் தீர்த்தம் முகத்தில் தெளிக்கப் பெறுவது அத்தல மரபு. ஏர்வாடித் தீ விபத்துக்குப் பின் அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் அமைந்தது, உளமருத்துவரும் வரலாயினர். திருமுக்கூடலில் இருந்த அமைப்பு, சட்டத்தின் வற்புறுத்தலால் மீண்டும் தோன்றியது எனலாம்.

தவாவும் துவாவும்

குசராத்து மாநிலம் மெஹ்சானா மாவட்டத்து உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008-இல் மாநில அரசும் ஒரு தன்னார்வ அமைப்பும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தின் பெயர் தவா-துவா. அதாவது மருந்தும் மன்றாட்டும். தர்கா வளாகத்திலேயே உளமருத்துவர் அமர்ந்தார். தர்காவின் பரம்பரைப் பணியாளராகிய முஜாவர்கள் மனநோயின் குறிகளை அறியப் பயிற்சி பெற்றனர். வந்தவர்க்கு ஓதிய பின் மருத்துவரிடமும் அனுப்பினர். பின்னாளில் ஏர்வாடியிலும் இதனைப் போன்ற ஏற்பாடு வந்தது. நோயாளர் தெய்வத்தை விட்டு மருத்துவரிடம் வர வேண்டும் என்றோ, மருத்துவரை விட்டுத் தெய்வத்திடம் செல்ல வேண்டும் என்றோ இத்திட்டம் கேட்கவில்லை. நோயைத் துணியும் பணியை மருத்துவரிடமும், வந்தவரை ஏற்று அமர்த்தும் பணியை முஜாவரிடமும் அது பகிர்ந்து வைத்தது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயுர்வேதம், யோகம், யுனானி, சித்தம் முதலிய முறைகளைப் பின்பற்றும் மனநல நிலையங்களையும் அது தன் வரையறைக்குள் கொண்டது. அதன் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் எவ்வடிவிலும் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலைத் தடுக்கிறது. ஆயினும் உத்தரப்பிரதேசத்துப் பதாயூனில் ஒரு வழிபாட்டிடத்தில் நோயாளர் பிணைக்கப்பட்டிருந்தமை பற்றி 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச நேர்ந்தது.

இத்திட்டங்கள் அனைத்திலும் ஒரு குறை எஞ்சுகிறது. வழிபாட்டிடத்தின் கண்ணில் படுவது ஆட்டமும் அலறலுமே. தலைவிரித்து ஆடுபவரை முஜாவரும் பூசாரியும் உடனே அறிந்து மருத்துவரிடம் அனுப்புவர். மனச்சோர்வு உடையவரோ ஆடுவதில்லை. அவர் பிறரைத் துன்புறுத்தாமையால் குடும்பம் அவரைத் தலத்துக்கு அழைத்து வருவதே குறைவு. வந்தாலும் மண்டபத்துத் தூணோரம் பேசாது அமர்ந்திருப்பார். அமைதியான பக்தர் என்றே எண்ணப்படுவார். வெறிக்களத்துக்கு முன் சங்கப் பாடலின் தாய் கண்டதும் ஆட்டத்தையன்று. மகள் உண்ணாமையையும் உறங்காமையையும் கண்டாள். அவளுடைய காரணம் தவறியது. அவள் கண்ட குறிகள் தவறவில்லை. தீர்த்தம் தெளிப்பவரும் ஓதுபவரும் வந்தவரிடம் அவ்விரண்டையும் கேட்டறியும் வழக்கம் தலங்களில் இன்னும் வேரூன்றவில்லை.